பதினெட்டுக் கோடியும் பத்தே முக்கால் கோடியும்: மாறுபாட்டுக் கெழு கற்பித்தல் அனுபவம்

பத்தாம் வகுப்புக் கணக்கில் 'புள்ளியியலும் நிகழ்தகவும்' பாடத்துக்கு வரும்போது மாணவர்கள் சூத்திரத்தில் எண்களைப் பொருத்தித் திட்ட விலக்கம் கண்டுவிடுகிறார்கள். மாறுபாட்டுக் கெழுவையும் கண்டுவிடுகிறார்கள். "சரி, இந்தச் சதவீதம் நமக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஐந்து மதிப்பெண் கணக்கோடு இது நின்றுவிடக் கூடாது என்று எண்ணி, தருமபுரி மாவட்டத்தில் நான் பணிபுரியும் அரசுப் பள்ளியில் சென்ற கல்வியாண்டில் ஐ.பி.எல். ஏலத்தை வைத்து மூன்று பாடவேளைகள் நடத்தினேன். எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: ஒரு விளையாட்டு வீரருக்குக் கோடிகளைக் கொட்டி ஒப்பந்தம் செய்வது, அதிலுள்ள இடருக்குத் தகுமா?

முதல் பாடவேளை: தரவும் கணக்கும்

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் 120 கோடி ரூபாய் வரம்பு. அதில் சுழற்பந்து வீச்சாளர் யுஸ்வேந்திர சாஹலைப் பஞ்சாப் அணி 18 கோடிக்கும், நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை டெல்லி அணி 10.75 கோடிக்கும் எடுத்தன. ஏலத்துக்கு முந்தைய ஐந்து பருவங்களில் இருவரும் ஐ.பி.எல்.லில் எடுத்த விக்கெட்டுகளைக் கரும்பலகையில் எழுதினேன்.

2020 முதல் 2024 வரை:
நடராஜன்: 16, 2, 18, 10, 19
சாஹல்: 21, 18, 27, 21, 18

வகுப்பை ஆறு குழுக்களாகப் பிரித்து, மூன்று குழுக்களுக்கு ஒருவரையும் மற்ற மூன்றுக்கு இன்னொருவரையும் கொடுத்தேன். நடராஜனின் கூட்டுச் சராசரி 13, திட்ட விலக்கம் 6.32, மாறுபாட்டுக் கெழு 48.62 சதவீதம். சாஹலின் கூட்டுச் சராசரி 21, திட்ட விலக்கம் 3.29, மாறுபாட்டுக் கெழு 15.67 சதவீதம். இரண்டு சராசரிகளும் முழு எண்களாக அமைவதால், மெல்லக் கற்கும் மாணவர்களும் விலக்கங்களைத் தடுமாறாமல் கண்டார்கள்.

அடுத்து, ஏலத்தொகையைச் சராசரி விக்கெட்டால் வகுக்கச் சொன்னேன். சாஹலுக்கு ஒரு விக்கெட்டுக்கு ஏறத்தாழ 85.7 லட்சம், நடராஜனுக்கு 82.7 லட்சம். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு மாணவி எழுந்து, "விக்கெட்டுக்கு ஆகுற காசு ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் டீச்சர். ஆனா ஒருத்தர் வருசா வருசம் ஒரே மாதிரி எடுக்குறார், இன்னொருத்தர் ஏறி இறங்குறார்" என்றாள். மாறுபாட்டுக் கெழுவின் பொருளை இதைவிட எளிதாக நான் சொல்லியிருக்க முடியாது.

உடனே எதிர்வாதமும் வந்தது. நடராஜன் இறுதி ஓவர்களில் யார்க்கர் வீசி ஓட்டத்தைக் கட்டுப்படுத்துபவர். விக்கெட் மட்டும் அளவுகோலா? 2021-இல் அவர் 2 ஆட்டங்கள்தான் ஆடினார். முழங்கால் காயத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. காயத்தையும் ஆட்டத்திறனையும் ஒரே எண்ணில் அடைக்கலாமா? தரவு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்ற பேச்சு பாடநூல் கணக்கிலிருந்து எளிதில் பிறப்பதில்லை. இங்கே தானாகவே பிறந்தது.

இரண்டாம் பாடவேளை: முடிவு வேறு, விளைவு வேறு

2025 பருவத்தின் எண்களை அதுவரை நான் பலகையில் எழுதவில்லை. மறுநாள் எழுதினேன். சாஹல் 16 விக்கெட். நடராஜன் 2 ஆட்டங்கள், விக்கெட் இல்லை. "டெல்லி ஏமாந்துடுச்சு" என்று பலரும் சொன்னார்கள்.

அப்போது தமிழ்நாட்டு வீரர் வருண் சக்கரவர்த்தியின் கதையைச் சொன்னேன். அடிப்படை விலை 20 லட்சமாக இருந்த அவரை 2019 பருவத்துக்குப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு எடுத்தது. காயத்தால் அந்தப் பருவத்தில் அவர் ஆடியது ஒரே ஆட்டம். அணி விடுவித்தது. அடுத்த ஏலத்தில் கொல்கத்தா அணி 4 கோடிக்கு எடுத்தது. 2020-இல் 17 விக்கெட், 2024-இல் 21 விக்கெட்டோடு கோப்பை. வீரர் ஒருவரே. ஏல நாளன்று எந்த அணிக்கும் வருங்காலம் தெரியாது. கையில் இருந்த தரவைக் கொண்டு சரியாக யோசித்தார்களா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. பருவம் பார்த்து மானாவாரியில் விதைத்தவரை, மழை பொய்த்த பிறகு 'புத்தியில்லாதவர்' என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். நிலக்கடலை போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அமெரிக்க பேஸ்பாலிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டைத் தந்தேன். பந்தெறிவதிலும் மட்டை வீசுவதிலும் வல்லவரான ஷோஹெய் ஓத்தானியை 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணி 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில்தான் அவருக்கு முழங்கையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. 2024-இல் பந்தெறிய மாட்டார் என்று தெரிந்தே கையெழுத்திட்டார்கள். ஆனால் 68 கோடி டாலரை, அதாவது 97 சதவீதத்தை, 2034 முதல் 2043 வரையான ஆண்டுகளில் தருவதாக ஏற்பாடு. அந்த ஆண்டு பந்தெறியாமலே 54 ஹோம் ரன் அடித்தார். அணியும் கோப்பையை வென்றது. காயத்தின் இடர் அப்படியே இருந்தது. அணி அதைத் தன்னால் தாங்கக்கூடிய தவணைகளாக அமைத்துக்கொண்டது. இந்த 'தாங்குதல்' என்ற சொல்லே மூன்றாம் பாடவேளைக்கு வழிவிட்டது.

மூன்றாம் பாடவேளை: யார் தாங்குவது?

18 கோடி என்பது 120 கோடியில் 15 சதவீதம். 10.75 கோடி 8.96 சதவீதம். வீரர் ஒருவர் ஆடாமல் போனாலும் டெல்லி அணியிடம் 91 சதவீதம் பணத்துக்கு வாங்கிய மற்ற வீரர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாலக்கோடு தக்காளி மண்டிக்குக் கொண்டுவந்தேன். எண்கள் நானே வைத்தவை. முன்கூட்டியே பேசிக்கொண்டால் கிலோ 12 ரூபாய் உறுதி. மண்டிக்குக் கொண்டுபோனால் 22 ரூபாய் கிடைக்க நிகழ்தகவு பாதி, 4 ரூபாய் கிடைக்க நிகழ்தகவு பாதி. சராசரி 13 ரூபாய். எதைத் தேர்வீர்கள்? ஒரே ஏக்கரும் அதன்மேல் கடனும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் 12 ரூபாய் என்றார்கள். கறவை மாடோ மாதச் சம்பளமோ உள்ள வீட்டுப் பிள்ளைகள் மண்டி என்றார்கள். இரண்டு விடைகளுக்கும் முழு மதிப்பெண் கொடுத்தேன். தாங்கும் வலு வீட்டுக்கு வீடு வேறுபடும்போது சரியான விடையும் வேறுபடும்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் கிரிக்கெட் பயிற்சிக்குப் போகப்போவதாகச் சொல்லிவந்த மாணவன் ஒருவன் அந்த வகுப்பில் இருந்தான். அன்று அவன் குறிப்பேட்டில் இரண்டு வரிகள் இருந்தன: 'டீம் வைப்பது 8.96%. நான் வைப்பது 100%.' அவனிடம் நடராஜனின் ஆண்டுகளைச் சொன்னேன். 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகம். பந்துவீச்சு முறை மீது ஐயம் எழுந்ததால் அதைத் திருத்திக்கொண்டு மீண்டது. 2017-இல் 3 கோடிக்கு முதல் ஐ.பி.எல். ஒப்பந்தம் கிடைத்தபோது வயது 25. 2018, 2019 இரு பருவங்களிலும் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2020 டிசம்பரில் இந்திய அணி. பதினைந்து வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே உள்ள பத்தாண்டுகளை எதன்மேல் நின்று கடப்பாய் என்று மட்டும் கேட்டேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் படிப்பும் பயிற்சியும் சேர்ந்தே நடப்பதையும், அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருப்பதையும், அந்தப் பணிகளுக்குக் கல்வித் தகுதியும் வேண்டும் என்பதையும் அவன் தாயிடமும் விளக்கினேன். இப்போது அவன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். காலையிலும் மாலையிலும் பந்து வீசுகிறான்.

இதை வகுப்பில் நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்:

1. குறைந்தது ஐந்து பருவத் தரவு எடுங்கள். ஐந்து எண்கள் சிறிய மாதிரிதான் என்பதையும் மாணவர்களிடம் சொல்லுங்கள்.

2. கடைசிப் பருவத்தின் விளைவை முதல் நாளில் மறைத்துவையுங்கள். விவாதமே அதில்தான் இருக்கிறது.

3. மகளிர் கிரிக்கெட்டையும் சேருங்கள். 2023 மகளிர் பிரீமியர் லீக் ஏலத்தில் அணிக்கு 12 கோடி வரம்பு. ஸ்மிருதி மந்தனாவைப் பெங்களூரு அணி 3.4 கோடிக்கு எடுத்தது. அது எத்தனை சதவீதம் என்று கண்டால், சாஹலுக்குப் பஞ்சாப் எடுத்ததைவிடப் பெரிய இடரைப் பெங்களூரு எடுத்தது புரியும்.

4. பணம் கட்டி விளையாடும் செயலிகளின் பேச்சு எழுந்தால் ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். அங்கே போகும் பணம் வீட்டுப் பணத்தில் எத்தனை சதவீதம் என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள்.

5. மதிப்பீட்டில் மாறுபாட்டுக் கெழுவைக் கண்டபின், 'இதைக் கொண்டு நீ என்ன முடிவெடுப்பாய், ஏன்?' என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். மாணவர் பாடத்தை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறார் என்பதை அந்த இரண்டு வரிகளில் நான் பார்க்கிறேன்.