அரிவாள் அப்புறம் ஏறட்டும்!

நம் கல்வராயன் மலையில் புளி, கடுக்காய் பறிக்க மரம் ஏறுவது புதுசு இல்லை. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவதுதான் ஆபத்து. கால் வழுக்கினால் அதுவே நம்மை வெட்டிவிடும்.

எங்க தாத்தா சொல்லித் தந்த முறை:

1. கயிற்றின் ஒரு நுனியோடு வெறுங்கையாய் ஏறணும்.

2. பச்சைக் கிளையில் உட்கார்ந்து, வேறு கயிற்றால் உடம்பை மரத்தோடு கட்டிக்கணும்.

3. கீழே இருப்பவர் அரிவாளைக் கட்டிவிட்டுத் தள்ளி நிற்கணும். பிறகு மேலே இழுக்கணும்.

நான் பாடத்தில் படித்தது: ஒற்றை நிலைக்கப்பி பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையைத்தான் மாற்றும். இயங்குகப்பி ஒன்று சேர்த்தால் 10 கிலோவுக்குச் சுமார் 5 கிலோ இழுவை போதும். ஆனால் 5 மீட்டர் உயர்த்த 10 மீட்டர் கயிறு இழுக்கணும்.

கயிறு இற்றுப்போயிருந்தால் எந்தக் கப்பியும் காப்பாற்றாது. ஏறும் முன் இழுத்துப் பாருங்கள்!