‘ஃபார்மேட் போட்டாச்சு, இனி ஹேங் ஆகாது!’

நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்தார். திரை வந்ததும் ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். மறுபடியும் ரைட் கிளிக், ரெஃப்ரெஷ். எண்ணிக்கொண்டே இருந்தேன், ஒன்பது முறை. “எதுக்குப்பா இது?” என்றேன். “இது பண்ணலேன்னா நடுவுல ஹேங் ஆயிடும்” என்றார், பிள்ளையாரைச் சுற்றி வந்தவரின் நிம்மதியோடு.

ரெஃப்ரெஷ் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: டெஸ்க்டாப்பில் உள்ள ஐகான்களை இன்னொரு முறை வரைந்து காட்டும். இப்போதுதான் சேமித்த ஃபைல் கண்ணில் படவில்லை என்றால் அதற்கு உதவும். ரேமைக் காலி செய்யாது, பிராசஸரை இளைப்பாற வைக்காது. இதற்கு அடுத்த சடங்கு டெம்ப், ப்ரீஃபெட்ச் ஃபோல்டர்களைத் தினமும் துடைப்பது. எந்த புரோகிராம் திறக்க எந்தெந்த ஃபைல்கள் வேண்டும் என்று விண்டோஸ் தனக்காகக் குறித்து வைக்கும் இடம்தான் ப்ரீஃபெட்ச். அதை அழித்தால் அடுத்த முறை அந்த புரோகிராம் இன்னும் மெதுவாகத் திறக்கும். விண்டோஸ் பாவம், குறிப்பை மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பிக்கும்.

இப்படிப்பட்ட நம்பிக்கைகள் ஏன் சாவதே இல்லை? கோளாறின் சுபாவம் அப்படி. மூன்று நாள் ஒழுங்காக ஓடும், ஒரே சாயங்காலத்தில் இரண்டு முறை நிற்கும், பிறகு ஒரு வாரம் சத்தமே இருக்காது. அந்த அமைதிக்கு முன்னால் கடைசியாக எதைச் செய்தோமோ, பெருமை முழுக்க அதற்குப் போய்விடுகிறது. வேப்பிலை அடித்த மறுநாள் காய்ச்சல் இறங்கிய கதைதான்.

“வைரஸ்தான், வேற என்ன?”

ஃப்ளாப்பி காலத்து பயம் இது. இன்றைக்குத் திருட வருகிற புரோகிராமுக்கு உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுவதுதான் லாபம். நின்றுபோன மெஷினில் அது எப்படி பாஸ்வேர்டு திருடும்? வைரஸைவிட, வைரஸுக்குப் பயந்து போட்ட இரண்டு ஆன்டிவைரஸ்கள் மெஷினைத் திணறடித்ததை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் அதன் மேல் பாயும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் கூடவே வருகிறது. வீட்டுக்கு ஒரு காவல்காரர் போதும்.

“ஹேங்னா ஹேங்தானே, அதுல என்ன வகை?”

இங்கேதான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம் வாயில் ‘ஹேங்’ என்று ஒரே சொல்லாக வருவது உள்ளே நாலைந்து வேறு வேறு வியாதி. எப்படி நின்றது என்று பார்க்காமல் பவர் பட்டனில் கை வைத்தால், இருக்கிற ஒரே சாட்சியும் போய்விடும்.

முதலில் மவுஸை அசையுங்கள். அம்புக்குறி நகர்கிறது, ஒரே ஒரு விண்டோ மட்டும் வெளுத்துப்போய் நிற்கிறது என்றால், அந்த புரோகிராமின் கோளாறு. மெஷின் மேல் பழி போடாதீர்கள். அம்புக்குறி நகர்கிறது, ஆனால் எதைத் தட்டினாலும் திறக்கவில்லை, கேபினெட் முகப்பில் ஹார்டு டிஸ்க் விளக்கு சிமிட்டாமல் ஒரேயடியாக எரிகிறது, அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ கழித்து நீங்கள் தட்டியதெல்லாம் மொத்தமாக வந்து விழுகிறது என்றால், டிஸ்க்கையோ அதன் கேபிளையோ சந்தேகப்படுங்கள். திரை உறைந்துவிட்டது, ஆனால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் கிராஃபிக்ஸ் பக்கம். கிராஃபிக்ஸ் கார்டு பதில் சொல்ல விண்டோஸ் 2 விநாடி அவகாசம் தரும். சொல்லாவிட்டால் டிரைவரைத் தானே தூக்கி நிறுத்தப் பார்க்கும். நாமும் அதைச் செய்யலாம்: விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு ‘பி’ (B) எழுத்தைத் தட்டினால் திரை ஒருமுறை கண் சிமிட்டி மீளக்கூடும்.

கடைசி வகைதான் கொடியது. திரை உறைந்திருக்கும், ஸ்பீக்கரில் கடைசியாக வந்த ஒலி ‘ர்ர்ர்ர்’ என்று மாட்டிக்கொண்டு கத்தும், ‘நம் லாக்’ (Num Lock) கீயை அழுத்தினால் கீபோர்டு விளக்கு மாறவே மாறாது. அந்த விளக்கு மாறவில்லை என்றால் விண்டோஸுக்கே நினைவில்லை என்று பொருள். ரேம், உள்ளே மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு, பிராசஸர் என்று இரும்புப் பக்கம் போய்த் தேட வேண்டியதுதான். சில சமயம் டிரைவரும் இதே வேஷம் போடும்.

“ரேம் சேர்த்தா சரியாயிடும்”

மெதுவாக இருக்கிற மெஷினுக்கு ரேம் மருந்து. திடீரென்று நிற்கிற மெஷினுக்கு, ரேமே நோயாக இருக்கலாம். ஒரு ஸ்டிக் பழுது என்றால் பக்கத்தில் இன்னொன்றைச் செருகி என்ன பயன்? வேறு கம்பெனி, வேறு வேகம் என்று இரண்டைக் கலந்து போட்டால் புதிதாக ஒரு வம்பும் சேரும்.

பெட்டியில் ‘3600’ என்று போட்ட டிடிஆர்4 ரேம் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிடிஆர்4-க்கான பொது விதி 3200 வரைதான். அதற்கு மேலே போவது எக்ஸ்எம்பி என்ற பயாஸ் அமைப்பின் தயவில்; மின்னழுத்தமும் வழக்கமான 1.2 வோல்ட்டிலிருந்து பெரும்பாலும் 1.35-க்கு ஏறும். எல்லா பிராசஸரும் எல்லா போர்டும் அதைத் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மெஷின் முழுசாக உறைகிறது என்றால், செலவில்லாத முதல் சோதனை எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது. இரண்டாவது, மெம்டெஸ்ட்86+ஐ பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிடுவது. ஒரு சுற்று சுத்தமாக வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நாலாவது சுற்றில் தலைகாட்டும் பிழைகளும் உண்டு. ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக் தேறாது.

ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்ப்பதை நம் ஊர் சர்வீஸ் கடைகளில் பார்க்காதவர் இருக்க முடியாது. அது வேலை செய்வதும் உண்மைதான், ஆனால் பாதிப் பெருமை ரப்பருடையது அல்ல. கழற்றித் திரும்ப அழுத்திச் செருகும்போதே முனைகள் உரசிச் சரியாகப் பொருந்திவிடுகின்றன. தங்க முலாம் மிக மெல்லியது. பள்ளிக்கூடப் பிள்ளை கணக்கை அழிப்பதுபோல் தேய்த்தால் முலாமும் போகும், ரப்பர் தூளும் ஸ்லாட்டில் சேரும்.

“ஏசி ரூம்ல வெச்சாத்தான் ஒழுங்கா ஓடும்”

செருப்பைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் ரூமுக்குள் போன தலைமுறையின் நம்பிக்கை. இன்றைய பிராசஸர் சூடு ஏறினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பல இன்டெல் பிராசஸர்களில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும். அதையும் மீறினால் சட்டென்று அணைந்துவிடும். மெதுவாவதும் அணைவதும்தான் சூட்டின் நடை. உறைந்து நிற்பது அபூர்வம். அதற்காக கேபினெட்டை டேபிள் பொந்துக்குள் திணித்து, துணி போர்த்தி வைக்கச் சொல்லவில்லை. ஃபேனில் தூசியும் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லியும் இருந்தால் ஏசி போட்டும் பயனில்லை.

“ஈவென்ட் வியூவர்லயே போட்டிருக்கு, பவர் பிரச்சினைன்னு”

இது கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களின் மூடநம்பிக்கை. ஈவென்ட் வியூவர் என்ற விண்டோஸின் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் சிவப்பாக ‘கெர்னல்-பவர் 41’ என்று இருக்கும். உடனே புது எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: ‘போன முறை என்னை முறைப்படி மூடவில்லை.’ மூடாதது யார்? பவர் பட்டனை அழுத்திப் பிடித்த நீங்கள்தான்! பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய சில நிமிஷங்களை. ‘டிஸ்க்’ என்ற பெயரில் 7 அல்லது 153, டிஸ்க் கன்ட்ரோலர் டிரைவரின் பெயரில் 129 இருந்தால் சேமிப்புப் பக்கம். ‘வியா லாகர்’ என்று இருந்தால் வன்பொருளே வாய் திறந்து புகார் சொல்லியிருக்கிறது. எதுவுமே இல்லாமல் வெறிச்சென்று இருந்தால் அதுவும் ஒரு சேதி: எழுதக்கூட நேரமில்லாமல் நின்றிருக்கிறது.

மலிவு கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸை நானும் நம்பமாட்டேன். ஆனால் அதைப் பிடிக்க வழி, நண்பரிடம் நல்லதாக ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது. “யூபிஎஸ் இருக்கே” என்பது பதில் ஆகாது; யூபிஎஸ் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வெளியே நிற்கிற ஆள்.

“புதுசு சார், அதுல எப்படி கோளாறு இருக்கும்?”

இருக்கும். 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் பல, காரணம் புரியாமல் தடுமாறின. பிராசஸர் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கிக்கொண்டு தன்னையே தேய்த்துக்கொண்டது என்று தெரியவந்தது. அந்த ஆகஸ்டிலிருந்து பயாஸ் வழியே திருத்தம் வந்தது. உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரைத் திருத்தம் மீட்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். 2022-இல் ஏஎம்டி ரைசன் மெஷின்களில் சிலது அவ்வப்போது நொடி நேரம் விக்கி நின்றன. பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் எஃப்டிபிஎம் என்ற உள்பகுதி பயாஸ் சிப்போடு பேசப் போனதுதான் காரணம். அதுவும் பயாஸ் அப்டேட்டில் தீர்ந்தது.

எனக்குப் பிடித்த கேஸ் க்ரூஷியல் எம்4 எஸ்எஸ்டி. மொத்தம் 5,184 மணி நேரம் ஓடியதும் அது நின்றுவிடும். மெஷினை மறுபடி ஆன் செய்தால் ஒரு மணி நேரம் ஒழுங்காக இருக்கும், மறுபடி நிற்கும். 2012 ஜனவரியில் ஃபர்ம்வேரைத் திருத்தினார்கள். அதற்குமுன் எத்தனை பேர் ரெஃப்ரெஷ் அடித்தார்களோ! இதற்கெல்லாம் தாத்தா விண்டோஸ் 95. மில்லிசெகண்டுகளை எண்ணும் கணக்கு நிரம்பி 49.7 நாளில் உறைந்துவிடும். 1999 வாக்கில்தான் அது வெளியே தெரிந்தது. அந்த விண்டோஸ் எந்த வீட்டில் 49 நாள் விடாமல் ஓடியிருக்கும், கண்டுபிடிக்க?

“ஃபார்மேட் போட்டா எல்லாம் போயிடும்”

எல்லாம் போகும், படங்கள், பாஸ்வேர்டுகள், பிள்ளைகளின் புராஜெக்ட். கோளாறு மட்டும் இருக்கும். சாஃப்ட்வேர் குழம்பியிருந்தால் ஃபார்மேட் உதவும், மறுப்பதற்கில்லை. முதல் மருந்தாக அதை ஊற்றுவதுதான் தப்பு.

என் வீட்டுக் கதை இது. போகிக்கு மேஜையை நகர்த்தி, கேபினெட்டைத் திறந்து தூசி தட்டினோம். மூன்றாம் நாள் மெஷின் நின்றது. கடைக்காரத் தம்பி ஃபார்மேட் போட்டார், ஐந்நூறு ரூபாய். நாலு நாள் நன்றாக ஓடியது. மறுபடி நின்றது, மறுபடி ஃபார்மேட், மறுபடி ஐந்நூறு. மூன்றாவது முறை, “அண்ணே, மதர்போர்டு போச்சுண்ணே” என்றார்.

நான் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன்: நேரம், அப்போது என்ன திறந்திருந்தது, விளக்கு எப்படி எரிந்தது. ஆறு தாள் சேர்ந்தது. ஆறிலும் சிவப்பு விளக்கு ஒரேயடியாக எரிந்திருக்கிறது, மவுஸ் நகர்ந்திருக்கிறது. ஈவென்ட் வியூவரில் அதே நேரங்களில் 129. பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை இறக்கி எஸ்எஸ்டி தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ‘ஸ்மார்ட்’ பட்டியலைப் பார்த்தேன். சி7 என்ற வரிசையில், கேபிள் வழியே சிதைந்து வந்த தகவல்களின் எண்ணிக்கை: 1,287. (முதலில் எழுத்தும் எண்ணும் கலந்து காட்டியது, செட்டிங்கில் தசம எண்ணுக்கு மாற்றிய பிறகுதான் புரிந்தது.) அந்த எண்ணிக்கை ஏறுமே தவிர இறங்காது. மறுநாள் 1,312.

கேபினெட்டைத் திறந்தேன். சாட்டா கேபிளின் முனையில் இருக்க வேண்டிய பூட்டுக் கொக்கி ஒடிந்திருந்தது, கேபிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. போகியன்று யார் கை பட்டதோ. நூறு ரூபாய்க்குப் புதுக் கேபிள் வாங்கி மாட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. நாலு நாள் ஓடியதும் சந்தோஷப்படவும் இல்லை, ஃபார்மேட்டும்தான் நாலு நாள் ஓடியது. வாரம் ஒருமுறை அந்த வரிசையைத் திறந்து பார்த்து காலண்டர் தாளில் குறித்து வந்தேன். இன்று காலையும் பார்த்தேன். 1,312.