விளையாட்டு வீரரும் படையினரின் மனவுறுதியும்

மாணவர்களே, விளையாட்டின் சமூகப் பயன்களை விளக்குமாறு கேட்கப்பட்டால் "மகிழ்ச்சி தருகிறது" என்று மட்டும் எழுதுவது போதாது. உதாரணமும் காரணமும் தருதல் வேண்டும்.

உதாரணம்:
ஜோ டிமாஜியோ, நியூயோர்க் யாங்கீஸ் அணியின் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர். 1941இல் தொடர்ச்சியாக 56 போட்டிகளில் வெற்றிகரமாக அடித்தாடிய அவரது சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. 1951இல் ஓய்வு பெற்றார். 1967இல், போர் நடைபெற்றுக்கொண்டிருந்த வியட்நாமுக்குச் சென்று அமெரிக்கப் படையினரைச் சந்தித்தார். இளம் வீரர் பீட் ரோசும் உடன் சென்றார்.

காரணம்:
1967இல் 20 வயதான சிப்பாய், டிமாஜியோ ஓய்வு பெற்றபோது நான்கு வயதுக் குழந்தை. அவரது ஆட்டத்தைப் பற்றித் தந்தை சொல்லக் கேட்டே அறிந்திருப்பான். எனவே அவரைக் கண்டதும் அவன் நினைவுக்கு வருவது சாதனையன்று, வீடு. ஓய்வு பெற்ற பின்னரும் ஒரு வீரரின் வருகை ஆறுதலளிப்பது இதனாலேயே.

கவனிக்க:
படையினருக்கு ஆறுதலளிப்பது வேறு. போர் நியாயமானதா என்பது வேறு. அதே 1967இல் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி படையிற் சேர மறுத்தார். அதனால் தமது உலகப் பட்டத்தை இழந்தார். இவ்விரண்டையும் குழப்பாது எழுதுங்கள்.

பயிற்சி:
1. ஓய்வு பெற்ற வீரரின் வருகை படையினருக்கு ஆறுதலளிப்பது ஏன்?
2. டிமாஜியோ, அலி ஆகிய இருவரது செயல்களையும் ஒப்பிட்டு ஐந்து வசனங்கள் எழுதுக. உமது கருத்துக்குக் காரணம் தருக.