முகம் சிவப்பது ஏன்?

ஜப்பான், சீனா, கொரியா நாட்டவரில் பலருக்குச் சிறிது மது அருந்தினாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். காரணம் என்ன?

உடலில் சேரும் ஆல்கஹாலை ஒரு நொதி அசெட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருளாக மாற்றுகிறது. ஏ.எல்.டி.எச்.2 என்னும் மற்றொரு நொதி அந்த நச்சைத் தீங்கற்ற அசெட்டேட்டாக மாற்றும். இந்நொதி ஏறத்தாழ 500 அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அதில் ஓரிடத்தில் குளுட்டாமிக் அமிலத்திற்குப் பதில் லைசின் அமைந்தால் நொதியின் திறன் வெகுவாகக் குன்றும். கிழக்காசியரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்பரம்பரைக் குறை உண்டு.

இதனால் தேங்கும் நச்சு, உயிரணுக்களின் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. இத்தகையோர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பன்மடங்காகிறது.

முகச் சிவப்பு ஓர் எச்சரிக்கை. ஆனால் முகம் சிவக்காதவருக்கும் மது தீங்கே, மாணவர்களே!