பால் குடித்தும் தேறாத குழந்தை

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. ஆனால் எடை ஏறவில்லை. வயிறு உப்புகிறது. அடிக்கடி வாந்தி வருகிறது. மலம் வெளுத்து, எண்ணெய்ப் பசையோடு போகிறது. நாற்றம் அதிகம்.

ஊரார் என்ன சொல்வார்கள்? "கண் பட்டுவிட்டது" என்பார்கள். "தாய்ப்பால் சரியில்லை" என்பார்கள். பழி தாயின் தலையில் விழும்.

பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கிருமியால் வருகிறது. சில நாளில் சரியாகும். மாதக்கணக்கில் சரியாகவில்லை என்றால் வேறு காரணம் இருக்கலாம். அதில் ஒன்று பிறவிக் கொழுப்பு நோய். இது மிக அரிய நோய். இதன் பெயர் ஏ-பீட்டா-லிப்போ-புரோட்டீனீமியா. 1950-ல் அமெரிக்க மருத்துவர்கள் பாசென், கார்ன்சுவைக் இருவரும் இதைப் பற்றி எழுதினார்கள்.

நோய் எப்படி வருகிறது?

களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது. சாக்கில் பிடித்துக் கட்டினால்தான் வண்டியில் ஏற்றலாம். குடலில் கொழுப்பும் அப்படித்தான். ஒரு புரதம் கொழுப்பைச் சிறு மூட்டையாகக் கட்டி அனுப்புகிறது. இந்த நோயில் அந்தப் புரதம் வேலை செய்வதில்லை. கொழுப்பு உடலில் சேராமல் மலத்தோடு போய்விடுகிறது.

ஏ, டி, ஈ, கே என்ற வைட்டமின்கள் கொழுப்போடுதான் உடலில் சேரும். கொழுப்பு போனால் அவையும் போகும். கவனிக்காமல் விட்டால், வளரும்போது மாலையில் கண் தெரியாது. நடை தள்ளாடும்.

யார் குற்றம்?

யார் குற்றமும் இல்லை. மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வருகிறது. இரண்டும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுதானால் நோய் வராது. அதனால் பெற்றோர் நலமாகவே இருப்பார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்தால் வாய்ப்பு கூடும்.

என்ன செய்யலாம்?

மாதந்தோறும் அங்கன்வாடியில் எடை பாருங்கள். 2013 முதல் அரசு மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைச் சோதிக்கிறது. அவர்களிடம் காட்டுங்கள். எடை ஏறவில்லை என்றால் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மலம் எப்படிப் போகிறது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இரத்தச் சோதனையில் நோய் தெரியும். இரத்தத்தில் கொழுப்பு மிகக் குறைவாக இருக்கும். சிவப்பு அணுக்கள் முள் முளைத்தது போல் தெரியும்.

கொழுப்பு குறைந்த உணவும், அதிக அளவு வைட்டமின் ஈ, ஏ மருந்தும் தருவார்கள். வாழ்நாள் முழுதும் சாப்பிட வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் கண்ணையும் நரம்பையும் காக்கலாம். நீங்களாகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். நீங்களாக மருந்தும் கொடுக்காதீர்கள்.

பதில் சொல்லுங்கள்

1. இந்த நோயில் மலம் எப்படி இருக்கும்?
2. கொழுப்போடு சேரும் வைட்டமின்கள் எவை?
3. தாயை மட்டும் குறை சொல்வது ஏன் தவறு?