கேஸ் ஷீட்டை ஏஐ-யில் போட்டால் நஷ்டஈடு தெரிந்துவிடுமா?

"சார், ஏஐ-ல போட்டுப் பாத்துட்டோம். இருபது பர்சென்ட்தான் ஊனமாம், ஏழு லட்சம்தான் வருமாம்." செங்கல்பட்டு கோர்ட் வளாகத்தில் இந்தப் பேச்சு காதில் விழாத வாரமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைப் போனில் படம் பிடித்து ஏதோ ஒரு செயலியில் ஏற்றுகிறார்கள். அது சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வக்கீலிடம் வருகிறார்கள். சில வக்கீல்களே இதைச் செய்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. விபத்து வழக்குகளுக்காக மருத்துவ ஆவணங்களைப் படித்துக் குறிப்பெடுத்துத் தருவது என் தொழில். அந்த உரிமையில், அடிக்கடி கேட்கும் சில நம்பிக்கைகளுக்குப் பதில் சொல்கிறேன்.

நம்பிக்கை: இயந்திரம் ஒரு பக்கம் விடாமல் படிக்கும், எதையும் தவறவிடாது.

நம் ஊர் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டைக் கையில் எடுத்தவர் இப்படிப் பேசமாட்டார். எலும்பு முறிவுக்கு டாக்டர் போடுவது # என்ற ஒற்றைக் குறி. ஓ.டி. (OD) என்ற இரண்டெழுத்து மாத்திரைச் சீட்டில் தினம் ஒரு வேளை, கண் டாக்டரின் தாளில் வலது கண். 05/06 என்று எழுதிய ஜூன் 5-ஐ மே 6 என்று படித்து, விபத்து நடக்கும் முன்பே ஆபரேஷன் முடிந்ததாகச் சொன்ன சுருக்கத்தை நானே திருத்தியிருக்கிறேன். ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டின் காப்பியில் 'அலெஜ்ட்' (நடந்ததாகச் சொல்லப்படுவது) என்ற சொல் எல்லா விபத்துக்கும் வழக்கமாக எழுதுவது; சம்பவத்தை நேரில் பார்க்காத டாக்டர் வேறெப்படி எழுதுவார்? அதை 'நோயாளி சொல்வதில் சந்தேகம் உள்ளது' என்று சுருக்கித் தந்தது ஒரு செயலி. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தப்பாகப் படித்தாலாவது திருத்தலாம். தாளில் இல்லாததை என்ன செய்வது? மாமல்லபுரத்துக் கல் சிற்பி ஒருவர் என்னிடம் வந்தார். வயது 38. இ.சி.ஆரில் வண்டி மோதி வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. ஊனச் சான்றில் 20 சதவீதம். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி'. எதிரே உட்காரவைத்து டம்ளரைக் கொடுத்தேன், பிடித்தார். அவர் பையிலிருந்த சுத்தியலை எடுக்கச் சொன்னேன். தூக்கிய கை பாதியில் நடுங்கி, சுத்தியல் மேசையில் விழுந்தது. இது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, செயலி படிப்பதற்கு?

2010-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது. உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடது கை போனால் தச்சருக்கும் டிரைவருக்கும் பிழைப்பே ஏறக்குறைய முழுதாகப் போய்விடும். அரசு குமாஸ்தாவுக்கு வேலை போகாமலிருக்கலாம். சிற்பிக்கு மாதம் 20,000 வருமானம் என்று வையுங்கள். 2009 சரளா வர்மா தீர்ப்பின்படி 38 வயதுக்கு, ஆண்டு வருமான இழப்பைப் பெருக்க வேண்டிய எண் 15. வருமான இழப்பை 20 சதவீதம் என்று பிடித்தால் 7,20,000 ரூபாய். 60 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் 21,60,000. எதிர்கால வருமான உயர்வை இன்னும் சேர்க்கவே இல்லை. செயலியை நம்பி ஏழு லட்சத்துக்குச் சமரசத்தில் கையெழுத்துப் போடுபவர் தன் குடும்பத்தின் சோற்றில் கைவைக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று நம் மேல்மருவத்தூரில்தான், விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. உயிர் காக்கும் நல்ல திட்டம். ஆனால் முதல் 48 மணி நேரம் ஓரிடத்தில், மேல்சிகிச்சை வேறிடத்தில் என்று பலருக்கு ஆவணங்கள் இரண்டு மூன்று கட்டாகச் சிதறிக் கிடக்கின்றன. வராத கட்டைத் தேடிப் போகச் செயலிக்குக் காலில்லை.

நம்பிக்கை: ஏஐ அறிக்கையையே கோர்ட்டில் தாக்கல் செய்யலாம்.

கூடாது. ஊனம் எவ்வளவு என்பதை மருத்துவ வாரியமோ டாக்டரோ சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். சாட்ஜிபிடி தரும் பதில் தீர்ப்புக்கு அடிப்படையாகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-லேயே சொல்லிவிட்டது.

நம்பிக்கை: என் போன், என் செயலி, யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆபரேஷனுக்கு முன் எடுத்த எச்.ஐ.வி. பரிசோதனை முடிவும் அதே கட்டுக்குள்தான் இருக்கிறது. யாருடைய கணினிக்குப் போகிறது என்று தெரியாமல் அதை ஏற்றாதீர்கள்.

நம்பிக்கை: அப்படியானால் ஏஐ-யைத் தொடவே கூடாது.

இதுவும் தவறு. ஐ.சி.யூ.வில் ஒரு மாதம் கிடந்தவரின் நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தேதிவாரியாக அடுக்க, பொருளடக்கம் போட, அது உதவும். அடுக்கிய ஒவ்வொரு வரியையும் மூலப் பக்கத்தோடு ஒப்பிட வேண்டியது மனிதர் வேலை.

முதலில் கையில் ஆவணம் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, முழு கேஸ் ஷீட் வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002 ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. பாதுகாத்து வைக்க வேண்டிய காலம் மூன்றே ஆண்டு; அதனால் தள்ளிப்போடாமல் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அவசரப் பிரிவில் "என்ன வேலை?" என்று கேட்டால், கூட நிற்பவர்கள் "கூலி" என்று சொல்லிவிடாதீர்கள். "கல் சிற்பி, சுத்தியல் பிடிப்பது வலது கை" என்று சொல்லி, அப்படியே எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நகருங்கள்.