பருத்தி விதை விலையும் ஏகபோகமும்

பருத்தி விதைப்புப் பருவத்தில் விதைக் கடைக்குச் செல்லும் விவசாயிக்குப் பல கம்பெனிகளின் வீரிய ஒட்டு விதைப் பொட்டலங்கள் காட்டப்படுகின்றன. விற்பவர் பலர் என்றால் விலை தானே இறங்கும் என்று எண்ணத் தோன்றும். பி.டி. பருத்தியில் அவ்வாறு நடக்கவில்லை.

நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. காய்ப்புழுவைக் கொல்லும் மரபணு அமெரிக்காவின் மான்சான்டோ கம்பெனியுடையது. மற்ற விதைக் கம்பெனிகளும் அதற்கு உரிமத் தொகை கட்டியே விதை தயாரித்தன. 450 கிராம் பொட்டலம் சுமார் ரூ.1,600-க்கு விற்றபோது, உரிமத் தொகை மட்டும் சுமார் ரூ.1,250. கம்பெனிகளுக்குள் போட்டி நடக்க இடமிருந்தது மீதித் தொகையில்தான். வாய்க்கால் எத்தனை இருந்தென்ன, மதகின் சாவி ஒருவர் கையில் அல்லவா இருந்தது!

சீனாவில் நிலைமை வேறு. அங்கு அரசு ஆராய்ச்சி நிலையமே சொந்தமாக ஒரு பி.டி. மரபணுவை உருவாக்கி, 1990-களின் இறுதியிலேயே மான்சான்டோவுக்கு எதிராகச் சந்தையில் இறக்கிவிட்டது. விவசாயிக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தது.

இங்கே ஆந்திர அரசு ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையத்திடம் முறையிட்டது. 2006-ல் உரிமத் தொகையைக் குறைக்குமாறு ஆணையம் உத்தரவிட, ஆந்திரத்தில் பொட்டல விலை ரூ.750 ஆகியது. விதை மாறவில்லை, விலை பாதிக்கும் கீழே வந்தது. 2015 டிசம்பரில் மத்திய அரசு விலைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. இரண்டு மரபணு கொண்ட விதைக்கு 2016-ல் ரூ.49 ஆக இருந்த உரிமத் தொகை, 2020-ல் அறவே நீக்கப்பட்டது.

ஆயினும் ஒரே ரகத்தை எல்லோரும் கேட்டால் தட்டுப்பாடும் கூடுதல் விலையும் தலைகாட்டும். பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்கலாகாது. குவியல் எண் குறித்த ரசீது பெறுதல் அவசியம்.

வீரிய ஒட்டில் எடுத்த விதையை மறு ஆண்டு விதைத்தால் குணம் சிதறும். எனவே ஆண்டுதோறும் கடைக்குப் போகத்தான் வேண்டும். எஸ்.வி.பி.ஆர். போன்ற ரகங்களில் இந்தக் கட்டாயமில்லை. சொந்த விதையைச் சேமிக்கவும் பிறருடன் மாற்றிக்கொள்ளவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்கு உரிமை தருகிறது. பக்கத்து வயலில் பி.டி. பருத்தி இருந்தால் கலப்பு நேரும். ஆகையால் விதைக்கான காய்களை வயலின் நடுப்பகுதியில் நன்கு வெடித்த செடிகளிலிருந்து தனியே பறித்து, தனியே அரைத்து வைக்கவும்.